எதிரணிக்காரியே ஆனாலும் கெய்ட்லின் கிளார்க்

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தின் 2023 அரையிறுதியில் 41 புள்ளி அடித்து, அந்த சீசனில் தோல்வியே காணாத சவுத் கரோலினா பல்கலைக்கழக அணியை வீட்டுக்கு அனுப்பியவர் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க். சவுத் கரோலினா ரசிகர்களுக்கு அது ஆறாத ரணம். ஆனால் ஆட்டம் தெரிந்தவர்களால் அவரை வெறுக்க முடியாது.

தாண்டி நின்று கூடையில் போட்டால் மூன்று புள்ளி தரும் கோடு 6.75 மீட்டரில், அவர் ஒன்பது மீட்டரிலிருந்தே எறிவார். அதனால் அவர் நடுக்கோட்டைத் தாண்டியதுமே தடுப்பவர் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டினால் பந்தைத் தட்டிக்கொண்டே தாண்டிவிடுவார். இரண்டு பேர் மறித்தாலோ, அடுத்த நொடி பந்து கூடைக்கடியில் நிற்கும் தோழி கையில். இதற்கு என்னதான் செய்வது!

2024 இறுதிப் போட்டியில் மீண்டும் அதே இரு அணிகள்; கிளார்க் முதல் கால்பகுதியிலேயே 18 புள்ளி. பிறகு சவுத் கரோலினாவின் ரேவன் ஜான்சன் விடாமல் ஒட்டியதில் மீதி மூன்றிலும் சேர்த்து 12தான். சவுத் கரோலினா 87-75 என வென்றது. ஜெயித்த கையோடு பயிற்சியாளர் டான் ஸ்டேலி, இந்த விளையாட்டை உயர்த்தியதற்காகக் கிளார்க்குக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னார்.