கயிறு

"கயிற மட்டும் குடுத்துருங்கண்ணே."

இன்று அதிகாலை, திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர் வியாழச் சந்தை. ஆட்டை விற்று, பணத்தை இரண்டு முறை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்ட பிறகு அந்த அக்கா வியாபாரியிடம் கேட்டது இதைத்தான்.

பழைய நைலான் கயிறு. இரண்டு இடத்தில் முடிச்சு. பத்து ரூபாய்கூடப் பெறாது. அவரும் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக் கொடுத்தார். கயிற்றோடு விற்றால் பட்டி பெருகாது என்று ஒரு நம்பிக்கை.

"பையனுக்கு காலேஜ் ஃபீஸ் தம்பி, நாளைக்குக் கடைசி நாள்."

நகைக் கடனுக்கே வங்கியில் அரை நாள் உட்கார வேண்டும். இங்கே வெயில் ஏறுவதற்குள் கையில் காசு. வெள்ளாட்டுக்கு ஐந்து மாதச் சினை, பல சமயம் இரட்டைக் குட்டி. சொந்த நிலம் வேண்டாம், வேலியோரத் தழை போதும். இந்த வட்டியை யார் தருவார்கள்? (சீக்கு வந்தால் முதலும் போய்விடும், அதையும் சொல்லணும்.)

2019 கணக்கெடுப்பில் நாட்டில் வெள்ளாடுகள் மட்டும் 14.88 கோடி. வேளாண் துறை மதிப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் கால்நடையிலிருந்து வருகிறது. படித்தபோது வெறும் எண்ணாகத்தான் இருந்தது.

2011-ல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு விலையில்லா ஆடுகள் கொடுத்தபோது கிண்டலடித்தவர்களில் நானும் ஒருவன்.

அக்கா கயிற்றைச் சுருட்டி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

பாதி வழியில் நின்று, ஒரு பெட்டைக்குட்டிக்கு விலை கேட்டுவிட்டுத்தான் போனார்.