தம்பிக்கும் இதே பேஸ்ட்தானா?

"டாக்டர், தம்பிக்கும் இதே பேஸ்ட்தானா?"

"ஆமாம்மா. வீட்டில் எல்லோரும் இதிலேயே தேய்க்கலாம்."

பேச்சு இவ்வளவுதான். அவள் கேட்டு முடிப்பதற்கும் நான் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவே ஒரு மூச்சுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் நடத்திய பல் மருத்துவ முகாம் அது. அவளுக்குப் பின்னால் வரிசை சத்துணவுக் கூடம்வரை நீண்டிருந்தது. எட்டாம் வகுப்புப் பெண். பேசும்போது மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொள்வாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலரிடமும் இந்தப் பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கையில் நாங்கள் கொடுத்த சின்ன டியூபை வைத்திருந்தாள். நான் பதில் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மூன்றரை ஆண்டுகள் ஆகிவிட்டன.

நாட்றம்பள்ளியைத் தாண்டி, கிருஷ்ணகிரி எல்லையை ஒட்டிய ஊர் அது. 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமாகிவிட்டாலும் எங்கள் பேச்சில் அது இன்னும் வேலூர் மாவட்டம்தான். ஊர்ப் பெரியவர்களுக்கு வட ஆற்காடு. பாறை பூமி. ஆழ்துளைக் கிணற்றை எவ்வளவு ஆழமாக இறக்குகிறார்களோ அவ்வளவுக்குப் பாறையின் ஃபுளோரைடும் தண்ணீரோடு ஏறி வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் மேலுறையான எனாமல் சரியாக இறுகுவதில்லை. முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து வரும். நாளாக ஆகப் பழுப்பேறும். அந்தப் பெண்ணின் மேல் முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே, டீ டம்ளரின் உள்பக்கம் படிந்த கறைபோல, ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று காலை அவள் வாயைப் பார்த்து, பல்லில் ஃபுளோரைடு பாதிப்பை அளக்கும் டீன் அளவுகோலில் 'மிதமான பாதிப்பு' என்று படிவத்தில் குறிக்கச் சொன்னதே நான்தான். பயிற்சி மருத்துவர் ஒருவர் அந்தக் கட்டத்தில் டிக் செய்தார். அதே மேசையின் மறுமுனையில் இன்னொருவர் ஃபுளோரைடு பேஸ்ட் டியூபை எடுத்து அவள் கையில் கொடுத்தார். இரண்டு கைகளுக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இருக்காது. அங்கேதான் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஃபுளோரைடு பேஸ்ட்டே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது நல்லதுதான். பதின்மூன்று வயதுக்குள் கடைவாயின் ஞானப்பற்களைத் தவிர மற்றவற்றின் எனாமல் உருவாகி முடிந்திருக்கும். பல்லின் மேலே படும் பேஸ்ட் இனிப் புதிதாகக் கறையை உண்டாக்காது, சொத்தையைத்தான் தடுக்கும். ஒரே பொருள்தான். உள்ளே போனால் வளரும் பல்லைக் கெடுக்கும், வெளியே பட்டால் முளைத்த பல்லைக் காக்கும். அவள் தன்னைப் பற்றிக் கேட்டிருந்தால் என் பதிலில் குறை இல்லை. ஆனால் அவள் கேட்டது தம்பியைப் பற்றி.

தம்பியை நான் பார்த்தேன். சாயங்காலம் வண்டியில் பொருட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட வாசலில் அவன் அவள் இடுப்பில் இருந்தான். மூன்று வயது இருக்கும். டியூபின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். பற்கள் அத்தனையும் பால்வெள்ளை. எந்த வீட்டிலும் அந்த வெள்ளையைப் பார்த்தால் பிள்ளை தப்பித்துவிட்டான் என்றுதான் நினைப்பார்கள். பால்பற்களின் எனாமல் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பும் பிறந்த சில மாதங்களிலும் உருவாகிவிடுவதால் அவற்றில் கறை அவ்வளவாகத் தெரியாது. கறை எழுதப்படுவது பால்பல்லுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில். படித்துப் பார்க்க ஏழெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டும்.

வாணியம்பாடி பாலத்தருகே வந்தபோதுதான் உறைத்தது. மூன்று வயதுக் குழந்தைக்குச் சரியாகத் துப்பத் தெரியாது. இனிக்கிற பேஸ்ட் என்றால் விழுங்கத்தான் செய்யும். வண்டிக்குள் மனக்கணக்குப் போட்டேன். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம்வரை ஃபுளோரைடு சேர்க்கலாம். அப்படியென்றால் 1 கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். பிரஷின் நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறக்குறைய 1 கிராம் வரும். பட்டாணி அளவென்றால் அதில் கால் பங்கு. அரிசி அளவென்றால் பத்தில் ஒரு பங்கு. அந்த ஊர்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம், அவன் குடிப்பது ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பிள்ளை ஒரு நாளில் தண்ணீரிலிருந்து வாங்குவதற்குச் சமமாக இரண்டு வேளைப் பேஸ்ட்டிலும் வாங்கிவிடலாம். அரிசி அளவு என்று சொல்லியிருந்தால் அது பத்தில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும்.

காலையில் நாங்கள் காட்டிய செய்முறையும் அப்போது நினைவுக்கு வந்தது. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று முழங்கை நீளப் பிரஷில் பாதி டியூபைப் பிதுக்கி, பெரிய பிளாஸ்டர் பல்லில் தேய்த்துக் காட்டினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். அளவு என்ற ஒன்றை அவர்கள் எங்களிடமிருந்து பார்த்ததே அப்படித்தான்.

திரும்பிப் போயிருக்கலாம். பயிற்சி மருத்துவர்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள், டிரைவர் முதல்நாள் இரவும் தூங்காதவர், பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், அந்தப் பெண்ணின் வீடு எந்தத் தெருவோ. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆம்பூரில் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதுவும் உண்மை.

என் பக்கத்து நியாயத்தையும் எழுதிவிடுகிறேன், பிறகு வேண்டுமானால் அதை நானே மறுத்துக்கொள்கிறேன். வேலூரில் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வாரத்தில் நான்கைந்து தாய்மார்களாவது கன்னம் வீங்கிய மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரவெல்லாம் பால்புட்டி, பகலெல்லாம் பிஸ்கட். முன்பற்கள் ஈறோடு கரைந்திருக்கும். வலியில் சாப்பிடாத பிள்ளை எடை குறைந்துபோகும். அந்தப் பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட் தேவை. "தம்பிக்கு வேண்டாம்" என்று அன்று சொல்லியிருந்தால் வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது 'பேஸ்ட் வேண்டாம்' என்றுதான் விழுந்திருக்கும். மறுநாளே செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் திரும்பி வந்திருக்கும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சொல்லி ஆலங்குச்சியை எடுத்தால்கூடப் பரவாயில்லை, எடுக்கப்போவது செங்கல் பொடிதான். அது எனாமலை எப்படி அரைத்துத் தள்ளுகிறது என்று பார்த்திருக்கிறேன். கூட்டத்துக்குச் சொல்லும் செய்தி எளிமையாக இருக்க வேண்டும், ஒன்றாக இருக்க வேண்டும் என்று பதினோரு வருடமாக மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். அது தவறான பாடம் இல்லை.

ஆனால் அவள் கூட்டமாகக் கேட்கவில்லையே. ஒருத்தியாகக் கேட்டாள். "அரிசி அளவு போடும்மா, நீயே பக்கத்தில் நின்று துடைத்துவிடு, விழுங்கவிடாதே." ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது.

பல் மருத்துவப் படிப்பில் சமூகப் பல் நலம் என்ற தாள் உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பது பற்றி நெடுவினா எழுதித் தேறியவள் நான். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் முதலில் சேர்த்தது, பிள்ளைகளிடம் சொத்தை குறைந்தது. இதெல்லாம் இப்போது கேட்டாலும் தூக்கத்தில் சொல்வேன். ஃபுளோரைடை நீக்கும் நல்கொண்டா முறை, அதாவது சுண்ணாம்பும் படிகாரமும் கலந்து கலங்கலைத் தெளியவைப்பது, சிறுகுறிப்பாக வரும். என் ஊருக்குத் தேவையானது சிறுகுறிப்பிலும், தேவையில்லாதது நெடுவினாவிலும் இருந்ததை அன்று நான் யோசிக்கவில்லை. மத்திய அரசிலும், ஃபுளோரைடு மிகுந்து வரும் ஃபுளோரோசிஸ் பாதிப்பைத் தடுக்கும் திட்டம் 2008-09இல் தனியாக வந்தது, வாய்நலத் திட்டம் 2014-15இல் தனியாக வந்தது. ஒன்று தண்ணீரைப் பார்க்கிறது, மற்றொன்று பல்லைப் பார்க்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டிய இடம் அன்று எங்கள் மேசைதான்.

தண்ணீர்தான் மூலகாரணம், பேஸ்ட் இல்லை என்று என்னுடன் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர் சொன்னார். அது சரி. காவிரித் தண்ணீர் வராத நாளில் அந்த வீடுகளில் போர் தண்ணீர்தான். கேன் வாங்குகிறவர்களும் குடிக்கத்தான் வாங்குகிறார்கள், உலைக்கு வைப்பது போர் தண்ணீர், சோறு அதைத்தான் உறிஞ்சுகிறது. காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அடியிலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும். இதையும் அன்று நான் சொல்லவில்லை, எங்கள் படச்சுவடியில் அதற்குப் பக்கம் இல்லை. மூத்தவர் சொன்னது எனக்குச் சில நாட்கள் ஆறுதலாக இருந்தது. தண்ணீரை என்னால் மாற்ற முடியாது, என் வாய்ச்சொல்லை மாற்ற முடியும் என்று தோன்றிய நாளில் அந்த ஆறுதலும் போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை ஆசிரியருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள தம்பி தங்கைகளுக்கு அரிசி அளவுதான், விழுங்கக் கூடாது, காய்ச்சுவதால் பயனில்லை என்று சொன்னேன். "காலைக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் மேடம்" என்றார். அன்பான மனிதர், சொல்லியிருப்பார். அந்தப் பெண் அன்று பள்ளிக்கு வந்திருந்தாளா என்று கேட்க வாய் எடுத்தேன். பெயரே தெரியாதே, எப்படிக் கேட்பது? படிவத்தில் பெயர் இருந்தது. எந்தப் படிவம் என்று தெரியவில்லை. 'மிதமான பாதிப்பு, பெண், எட்டாம் வகுப்பு' என்று பதினான்கு படிவங்கள் இருந்தன.

இப்போது முகாமுக்குப் போனால் செய்முறைக்குச் சாதாரணப் பிரஷ்தான் எடுத்துப் போகிறோம். பின்வரிசைக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக முன்னால் வரவழைத்து, ஒரு அரிசியைப் பிரஷின் மேல் வைத்துக் காட்டிவிட்டு, அந்த அளவுக்குப் பேஸ்ட் வைக்கிறோம். நேரம் இரட்டிப்பாகிறது. ஒரு நாளில் பார்க்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அறிக்கையில் அது நன்றாகத் தெரியவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தச் சிறுவனுக்கு இந்நேரம் ஆறரை வயது தாண்டியிருக்கும். கீழே இரண்டு பற்கள் விழுந்து முளைத்திருக்கும். மேல் முன்பற்கள் இன்னும் சில மாதத்தில் வெளியே வரும். கறையோடு வந்தால் அது தண்ணீரால் வந்ததா, நான் சொன்ன பதிலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனையும் இல்லை. வெள்ளையாக வந்தாலும் அதற்கு நான் காரணமில்லை. தை மாதம் அந்தப் பக்கம் முகாம் போட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளை நானே பார்க்கிறேன் என்று கடிதத்தில் தனியாக ஒரு வரி சேர்த்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.