மார்கழி நோட்டு

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. ஐந்து மணிக்கு வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். ஓடிப்போய் வாளியைப் பிடுங்கினேன். "கோலத்தில் மட்டும் கை வைக்காதே ஏட்டி" என்றாள் அம்மா. இடக்கையால் போட்டாள். இருபத்தொரு புள்ளிக்குக் குறையாதவள் ஏழு புள்ளியோடு எழுந்துவிட்டாள். பூசணிப்பூவை நான் வைத்தேன்.

டிசம்பர் 18

மதுரையிலிருந்து அம்மாவின் பரிசோதனைத் தாள் வரவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

கூந்தன்குளம். மூன்றடைப்பு வரை யாரும் பேசவில்லை. குளத்தைக் கண்டதும் தம்பிக்கு வாய் திறந்தது. நாமக்கோழியை 140 வரை எண்ணிவிட்டுக் கைவிட்டோம். ஊசிவால் வாத்துகள், கூழைக்கடாக்கள், தள்ளி நின்ற நான்கு பூநாரைகள். வரித்தலை வாத்து மட்டும் இல்லை. இமயமலைக்கு மேலே பறந்து வருகிற பறவை, வழியில் என்ன ஆயிற்றோ என்று அப்பா தொலைநோக்கியை இறக்கவே இல்லை.

அம்மா வேப்பமரத்தடியில் ஊர்க்காரப் பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. முற்றத்து மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சத்தையும் வாடையையும் பொறுத்துக்கொள்கிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்க்கிறார்களாம். திரும்பும் வழியெல்லாம் அம்மா அந்தக் குஞ்சுகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

வாத்து வந்துவிட்டால் தாளும் நல்லபடியாக வரும். மனசுக்குள் இப்படி ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

டிசம்பர் 22

இரவு பல்லாங்குழி. அம்மாவின் குழியில் நான்கு புளியங்கொட்டை சேர்ந்து பசுவாகிவிட்டது. அவள் எடுக்கவில்லை. கை சும்மா மடியில் கிடந்தது. அம்மா பசுவை விட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் பசுவையே நாங்கள் கவனிக்கும் முன் காட்டிக்கொடுப்பவள். தம்பி என்னைப் பார்த்தான். இருவரும் குனிந்துகொண்டோம். அடுத்த சுற்றில் அவன் வேண்டுமென்றே தோற்றான். அது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "எனக்காக ஒருவரும் தோற்க வேண்டாம்" என்று பலகையை மடக்கினாள். ஒரு மணி ஆகிறது. பின்கட்டில் விளக்கு இன்னும் எரிகிறது. போய்ப் பக்கத்தில் படுக்கலாம். போனால் பயந்துவிட்டேன் என்று நினைப்பாள். பயந்துதான் இருக்கிறேன்.

டிசம்பர் 24

பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு நட்சத்திரங்கள். ஊசிக்கோபுரத்தின் கீழ் நின்று பாட்டுக் கேட்டோம். 1826-இல் கட்டி முடித்த கோயில். "அடுத்த வருடம் 200 ஆகிறது, விளக்கு இதைவிடப் பிரமாதமாக இருக்கும், வந்து பார்க்கலாம்" என்றார் அப்பா. அம்மா கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு அக்கா கேக்கும் முறுக்கும் கொடுத்து அனுப்பியிருந்தார்.

டிசம்பர் 27

வாத்து வரவில்லை. அப்பா ஊருக்கே போன் போட்டுக் கேட்டார்.

டிசம்பர் 30

வைகுண்ட ஏகாதசி. கூட்டத்துக்குப் பயந்து மாலையில் கிருஷ்ணாபுரம் போனோம். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன் முன்னால் அப்பா வழக்கம்போல் நின்றுவிட்டார். நகமும் நரம்பும் தெரியும் கல். அம்மா சேலைத் தலைப்பால் தன் கையை மூடிக்கொண்டாள். ஊசி குத்திய இடம் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

ஜனவரி 1

விடுமுறை என்றார்கள். போனை எடுத்ததே பெரிய விஷயம். பன்னிரண்டு நாள் என்று சொன்னவர்களுக்கு இது பதினெட்டாவது நாள் என்று எண்ணத் தெரியாதா? கோபத்தில் அப்பாவிடம் கத்தினேன். அவர் பேசாமல் தேங்காய் துருவினார். அவர் துருவி நான் பார்த்ததில்லை.

ஜனவரி 3, சனி

திருவாதிரை. பனியில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நான்கு மணிக்கு நெல்லையப்பர் கோயில். தாமிர சபையில் நடனக் காட்சி. ஐந்து சபைகளில் இதுவும் குற்றாலத்துச் சித்திர சபையும் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. சிதம்பரமும் மதுரையும் போயாயிற்று. திருவாலங்காடுதான் பாக்கி என்றாள் அம்மா. பாக்கி என்ற சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கடன்காரனிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

களிக்கு அரிசியை நான்தான் வறுத்தேன், அவள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல. வாசனை வந்ததும் இறக்கு, சிவக்க விடாதே. கொஞ்சம் சிவந்துவிட்டது. ஏழுகறிக் கூட்டோடு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜனவரி 4

அப்பாவும் தம்பியும் மட்டும் விடியும் முன்னே கிளம்பிப் போனார்கள். ஏழரைக்குப் போன். பதினொன்று! தலையில் இரண்டு கறுப்பு வரியும் தெளிவாகத் தெரிகிறதாம். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

"எதற்கு அழுகிறாய்?" என்றாள் அம்மா. முடிச்சைச் சொல்லிவிட்டேன். நீண்ட நேரம் என் தலையைத் தடவினாள். பிறகு பறவை நோட்டை எடுத்து வரச் சொன்னாள். "நாம் நாலு பேரும் பார்த்ததைத்தானே இதில் எழுதுவோம்? நான் இன்னும் பார்க்கவில்லை. இடம் விட்டு வை."

ஜனவரி 5

பத்தரைக்கு மதுரையிலிருந்து பேசினார்கள். நாளை நேரில் வர வேண்டுமாம். போனில் வேறு எதுவும் சொல்லவில்லை.

அம்மா அதிகாலை மூன்று மணிக்கே வண்டி சொல்லச் சொன்னாள். மதுரைக்கு அத்தனை சீக்கிரம் எதற்கு என்றார் அப்பா. முதலில் கூந்தன்குளம் என்றாள்.