கீழக்கரை ஹெரால்டை விற்றது யார்? தேடல் இதுவரை

கீழக்கரைக் குடும்பம் ஒன்றிடமிருந்து வந்த பழைய ஹெரால்டு காரைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். டிங்கரிங் வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். இந்த முறை எழுத வந்தது, இந்த வண்டியை முதன்முதலில் விற்ற டீலரைப் பற்றி. இத்தனை நாள் பிடிபடாத விஷயம் இப்போது நன்றாக நகர்ந்திருக்கிறது.

வண்டி 1966-ம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் பெயரில் வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961 முதல் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரானது. ஆக, வண்டி பிறந்த இடம் தெரியும். அங்கிருந்து ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் கீழக்கரைக்கு யார் கை மாறி வந்தது என்பதுதான் கேள்வி.

முதல் தடயம் டிக்கி மூடியில் கிடைத்தது. பழைய பெயிண்டைச் சுரண்டியபோது, கீழ் ஓரத்தில் பட்டி வைத்து அடைத்த இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. சுற்றிலும் செவ்வக வடிவில் மட்டும் கம்பெனி பெயிண்டின் நிறம் வெளுக்காமல் இருந்தது. தெரிந்தவர்களின் வேறு ஹெரால்டுகளில் அந்த இடத்தில் துளையே கிடையாது. டீலர்கள் தங்கள் பெயர் பொறித்து அடிக்கும் தகடு இருந்த இடம் அது. உப்புக் காற்றில் தகடு அரித்து விழுந்திருக்கும்.

ஆர்.சி. புத்தகத்தில் டீலர் பெயர் இல்லை. தவணைக் கடன் விவரம் எழுதும் ஹையர் பர்சேஸ் பகுதியும் காலி. ரொக்கம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் ஃபைனான்ஸ் வழியாகவும் தேட முடியாது. பழைய பதிவேட்டைப் பார்க்கலாம் என்றால், அன்றைய ராமநாதபுரம் மாவட்டம் விருதுநகர், சிவகங்கை எல்லாம் சேர்ந்த பெரிய மாவட்டம். கலெக்டர் ஆபீசே மதுரையில்தான் இருந்தது. 1985-ல் மூன்றாகப் பிரிந்தபோது எந்தக் கட்டு எங்கே போனது என்று கேட்டால், ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டுகிறது.

அப்புறம்தான் தபால் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. கார் விற்பனையைக் கட்டுப்படுத்தி 1959-ல் மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. டீலர் இஷ்டத்துக்கு விற்க முடியாது, பதிவு வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும். பதிவு செய்பவர் முன்பணத்தை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கை டீலர் பெயருக்கு ஈடாக எழுதிக் கொடுப்பார். அப்படியென்றால் பாஸ்புக்கில் டீலர் பெயர் இருந்தாக வேண்டும்!

வண்டியைக் கொடுத்த கீழக்கரைக் குடும்பத்தின் மூத்தவரிடம் போனேன். “காக்கா, பழைய பாஸ்புக் ஏதாவது கிடக்கா?” என்றேன் (அங்கே அண்ணனைக் காக்கா, அப்பாவை வாப்பா என்பார்கள்). “வாப்பா ஒரு தாளையும் தூக்கிப் போட மாட்டாங்க தம்பி, பாப்போம்” என்று பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். சங்கு வியாபாரக் கணக்கு நோட்டுகளுக்கு அடியில் இருந்தது. பழுப்பேறிய அட்டை, உள்பக்கத்தில் ஊதா மையில் ரப்பர் முத்திரை. குறுக்கே விழுந்த மடிப்பில் கம்பெனிப் பெயரின் பின்பாதி கரைந்துவிட்டது. முன்பாதியும், ‘வெளி வீதி, மதுரை’ என்பதும் தெளிவாக இருக்கின்றன. கிழக்கா, மேற்கா, வடக்கா, தெற்கா, எந்த வெளி வீதி என்பது மடிப்போடு போய்விட்டது. கையில் வாங்கிப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெயரை உறுதி செய்யாமல் இங்கே போட விரும்பவில்லை.

மதுரை என்பது ராமநாதபுரத்தில் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னதோடும் பொருந்துகிறது. புது வண்டிக்கு ஃப்ரீ சர்வீஸ் செய்ய மதுரைக் கம்பெனி மெக்கானிக் டூல்ஸ் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குவாராம். வேலை முடியும்வரை கார்க்காரர் வீட்டில்தான் சாப்பாடு. கடற்கரையில் கிளை திறக்கும் அளவுக்கு அன்று வியாபாரம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். மண்டபத்தோடு சாலை முடிந்துவிடும். பாம்பன் சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தது. ராமேஸ்வரம் தீவில் கார் வாங்க எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். டீலரைத் தேடி டீலர் இருந்த தெருவுக்கு ஓடாதீர்கள். கடை மூடினால் அதன் காகிதம் எடைக்குப் போய்விடும். வாங்கியவர் வீட்டுப் பெட்டியில்தான் தாள் தங்கும். முதல் உரிமையாளரின் குடும்பத்தோடு பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பாஸ்புக்கைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து, மடிப்பில் அழுந்திய எழுத்துகள் தெரிகின்றனவா என்று பார்க்கப் போகிறேன். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் அந்தக் காலத்துத் தீபாவளி மலர் விளம்பரங்களைப் புரட்டும் வேலையும் இருக்கிறது. பெயர் முழுதாகக் கிடைக்காமல் புதுத் தகடு செய்வதாக இல்லை. தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி பக்கம் 1960-களில் மதுரையில் ஹெரால்டு வாங்கிய வீடுகள் இருந்தால், அந்தப் பாஸ்புக்கையோ பில்லையோ ஒருமுறை தேடிப் பாருங்கள். முத்திரையில் வீதியின் பெயர் முழுதாக இருந்தாலே எனக்குப் போதும்.