சூடேறியும் இறங்காத ஐடிலிங்: காற்று நுழைந்த வழிகள்

பழைய பெட்ரோல் கார். இன்ஜெக்‌ஷன், கேபிள் இழுக்கும் த்ராட்டில் (காற்றை அளந்து விடும் கதவு), மேப் சென்சார் (உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைப் பார்ப்பது). சூடேறிய பிறகு 800 ஆர்பிஎம் அளவில் நிற்க வேண்டிய ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம், 1600-ஐ விட்டு இறங்கவில்லை. பெடலைத் தொடாமலே இஞ்சின் இப்படி ஓடினால், எங்கிருந்தோ காற்று கூடுதலாக உள்ளே போகிறது என்று பொருள். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவில் மட்டும் கை வைக்காதீர்கள். அதைத் திருகினால் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் அளவும் கலைந்து, ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் கூலன்ட். இஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அரை லிட்டர் குறைவு. ஐடிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். இந்த மாதிரிக் கார்களில் த்ராட்டில் பாடிக்கு அடியில் ஒரு மெழுகு வால்வு உண்டு. கூலன்ட் சூட்டில் மெழுகு விரிந்தால்தான், குளிர்ந்த இஞ்சினுக்காகத் திறந்திருக்கும் காற்றுவழி மூடும். அங்கே காற்றுக் குமிழி நின்றால் சூடு போய்ச் சேராது. நிரப்பி, காற்றை வெளியேற்றியதும் 1400-க்கு வந்தது. பாதி வழிதான்.

த்ராட்டில் கேபிளில் தளர்வு இருந்தது, இழுத்துப் பிடிக்கவில்லை. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சூட்டில் 310 ஓம் காட்டியது. 80 டிகிரியில் 300-ஐ ஒட்டி இருந்தால் சரி.

அடுத்த சோதனைக்குக் கட்டைவிரல் போதும். ஏர் ஹோஸைக் கழற்றி, இஞ்சின் ஓடும்போதே த்ராட்டில் தகட்டுக்கு முன்னால் இருக்கும் ஐடில் காற்றுத் துளையை அடைத்தேன். ஆரோக்கியமான இஞ்சின் மூச்சுத் திணறி அணையப் பார்க்கும். இது 1150-க்கு இறங்கி, அங்கேயே நிம்மதியாக ஓடியது. அப்படியானால் துளை வழியாகவும் காற்று அதிகம், தகட்டைத் தாண்டி வேறொரு ஓட்டையும் இருக்கிறது. (மேப் சென்சாருக்குப் பதில், உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டர் உள்ள காரில் ஹோஸைக் கழற்றினாலே அணைந்துவிடலாம், அங்கே இந்தச் சோதனை செல்லாது.)

துளையை டேப்பால் மூடிவிட்டு, துணி சுற்றிய பிளையரால் வேக்கம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக நசுக்கினேன். பிரேக் பூஸ்டர் ஹோஸில் மாற்றமில்லை. பிசிவி ஹோஸை (இஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை உறிஞ்சு குழாய்க்குக் கொண்டுபோவது) நசுக்கியதும் இஞ்சின் திணறியது. வெளிப்பார்வைக்கு நல்ல ஹோஸ். கழற்றி வளைத்தபோதுதான், வளைவின் அடிப்பக்கத்தில் நகக்கண் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. எண்ணெய் ஊறி ரப்பர் பிசுபிசுத்துக் கிடந்தது. சாதாரண தண்ணீர்க் குழாயை அங்கே போடக்கூடாது. எண்ணெயில் உப்பி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். கசிவு தேட கார்ப் கிளீனர் அடிப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும். தண்ணீரைச் சாரலாகத் தெளித்தாலே கசியும் இடத்தில் சத்தம் மாறும்.

கடைசியாக, அந்தத் துளை வழியே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஐடில் கண்ட்ரோல் வால்வு. உள்ளே கார்பன் கட்டி, பாதி திறந்தபடியே இறுகியிருந்தது. கிளீனரும் பழைய டூத்பிரஷும் போதும். ஆனால் மின்சுருள் (காயில்) பக்கம் திரவம் போகாமல் வால்வைத் தலைகீழாகப் பிடியுங்கள், தண்டை பலமாகத் திருப்பாதீர்கள். கேஸ்கெட் புதிது.

இஞ்சின் கம்ப்யூட்டர் பழைய ஐடில் கணக்கை மறக்க பேட்டரி நெகட்டிவைப் பத்து நிமிடம் கழற்றி மாட்டி, விளக்கு, ஏசி எதுவும் போடாமல் இஞ்சினைச் சூடேறவிட்டேன். முள் 800-இல் நின்றது. ஹெட்லைட் போட்டதும் 700-க்குச் சரிந்து, ஒரு நொடியில் தானே ஏறிக்கொண்டது.