மோட்டார்–பம்ப் கோ-சிமுலேஷன் வெடிக்கிறதா? ஸ்டெப்பில் கை வைக்கும் முன்

கோவைப் பக்கம் எம்.இ. புராஜெக்டுக்குப் பம்ப்செட்டை எடுப்பது இயல்பு. மோட்டார் ஒரு எஃப்.எம்.யூ.வில் (மாடலைத் தன் சால்வரோடு பொதிந்த கோப்பு), பம்பும் பைப்லைனும் இன்னொன்றில்; இரண்டையும் இணைத்து ஓட்டுவதுதான் கோ-சிமுலேஷன். ஓட்டியதும் கிராஃப் தாறுமாறாக ஏறினால், பலரும் உடனே தொடர்பு ஸ்டெப்பை, அதாவது இரண்டும் மதிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் கால இடைவெளியை, குறைப்பார்கள். அதற்கு முன், எந்த மாறி எந்தப் பக்கம் போகிறது என்று தாளில் எழுதுங்கள்.

ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளாது என்று வைத்தால், மோட்டார் டார்க்கை வாங்கிக் கோண முடுக்கத்தைத் தரும். பம்ப் முடுக்கத்தை வாங்கி டார்க்கைத் தரும். ஒன்றின் விடை அதே கணத்தில் மற்றதன் விடையை நம்பியிருப்பதால் இது இயற்கணித வளையம். ஒவ்வொரு சுற்றிலும் பிழை பெருகும் விகிதம், பம்பின் நிலைமத் திருப்புத்திறனை மோட்டாருடையதால் வகுத்தது. மோட்டார் 0.01, பம்ப் 0.004 கிலோகிராம் சதுர மீட்டர் என்றால் 0.4, பிழை தேயும். வாட்டர் ஹேமரை (பம்ப் திடீரென நின்றால் பைப்பில் எழும் அழுத்த அதிர்ச்சி) தணிக்க ஃப்ளைவீல் மாட்டி பம்ப் பக்கம் 0.02 ஆனால் விகிதம் 2. இந்த விகிதத்தில் ஸ்டெப் அளவே இல்லை! குறைத்தால் அதே நேரத்துக்குள் அதிக முறை பெருகி, இன்னும் சீக்கிரம் வெடிக்கும்.

நல்ல வழி, பாத்திரங்களை மாற்றுவது: கனமான பக்கம் டார்க்கை வாங்கட்டும், விகிதம் 0.5 ஆகிவிடும். மாற்ற முடியாவிட்டால், புதிய மதிப்பில் ஒரு பங்கை மட்டும் ஏற்று, அதே ஸ்டெப்பை மீண்டும் (மறுசுற்று) ஓட்டுங்கள். விகிதம் 2 எனில் அந்தப் பங்கு 2/3-க்குக் கீழே இருக்க வேண்டும். 1/3 மிகச் சிறந்தது. மறுசுற்றுக்கு எஃப்.எம்.யூ. பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும். எஃப்.எம்.யூ. ஒரு ஜிப் கோப்புதான்; அதைத் திறந்து எக்ஸ்.எம்.எல். கோப்பில் அந்த வசதி உண்டா என்று முதலிலேயே பாருங்கள். பல கோப்புகளில் இருக்காது.

அந்த வசதி இல்லாவிட்டால், ரப்பர் கப்ளிங்கின் முறுக்கு விறைப்பை மாடலில் சேருங்கள். வளையம் அறும், ஸ்டெப்பைக் குறைப்பதும் பலன் தரும். ஆனால் ஜக்கோபி முறையில் (இரண்டும் மற்றதன் முந்தைய மதிப்பை வைத்து இணையாக ஓடுவது) பிடித்து வைத்த டார்க் சராசரியாக அரை ஸ்டெப் பழையது. அது எதிர்மறைத் தணிப்பாக வேலை செய்யும். விறைப்பு 500, ஸ்டெப் 1 மில்லிசெகண்ட் எனில் ஏறக்குறைய 500 × 0.001 ÷ 2 = 0.25. கப்ளிங்கின் உண்மைத் தணிப்பு இதைவிடக் குறைவானால் அலைவு வளரும்.

வைவாவில் ஜக்கோபியா, காஸ்-சைடலா (ஒன்று ஓடி முடித்துத் தரும் புதிய மதிப்பை மற்றது வாங்கி ஓடுவது) என்று கேட்டால், "ஒன்று இணையாக, மற்றது வரிசையாக" என்பது பாதிப் பதில்தான். வளைய விகிதம் 0.4 எனில் காஸ்-சைடல் மறுசுற்றுக்கு 0.4 ஆகச் சுருக்கும். ஜக்கோபி அதன் வர்க்கமூலமான 0.63 ஆக. எல்லை இரண்டுக்கும் 1-தான்.

கடைசியாக, முழு மாடலையும் ஒரே சால்வரில் ஓட்டி ஒப்பிடுங்கள். ஸ்டெப்பைப் பாதியாக்கினால் மாறா மதிப்புப் பிடிப்பில் (ஸ்டெப் முழுக்கக் கடைசி மதிப்பையே வைத்திருப்பது) பிழை பாதியாகவும், நேர்கோட்டு நீட்சியில் (கடைசி இரு மதிப்புகளின் சரிவில் நீட்டுவது) கால்வாசியாகவும் குறைய வேண்டும். குறையவில்லையா? அலகுகளைப் பாருங்கள்: 2880 ஆர்.பி.எம். என்பது நொடிக்கு 301.6 ரேடியன்.