கரும்புக்காட்டில் சைக்கிள், டர்பனில் சாப்பாடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வடக்கே, உம்லாலி பக்கம் இருக்கும் ஹோலா டிரெயில்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்த சைக்கிள் பாதை. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் தடம். கரும்பு ஆளுயரம் வளர்ந்துவிட்டால் உள்ளே காற்றே வராது, அதனால் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நம் முன்னோர்களை இந்தப் பயிருக்காகத்தான் கொண்டுவந்தார்கள். அந்த நினைப்போடுதான் நான் எப்போதும் மிதிப்பேன்.

மிதிக்குமுன் ஒரு வாழைப்பழம் போதும். சாப்பாடு அப்புறம்தான், அதுவும் டர்பன் திரும்பி பன்னி சௌ (bunny chow). ரொட்டியைக் குடைந்து ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். கூடவே கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் சம்பல். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டை முதலில் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். கையால்தான்; கரண்டி வேண்டவே வேண்டாம். புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, அந்த மாதம் சுகர் பீன்ஸ் என்ற பயறு போட்ட பன்னி சௌ. பயறு மசிந்த கெட்டிக் குழம்பு ரொட்டியில் ஊறி இறங்கும். களைத்த உடம்புக்கு ஆட்டுக்கறியைவிட இதுவே மேல் என்பேன்.

குழந்தைகளோடு சைக்கிள் என்றால் டர்பனிலேயே ப்ளூ லகூனிலிருந்து உஷாகா வரை கடற்கரை நடைபாதை. மேடு பள்ளம் கிடையாது, சின்னச் சக்கரமும் சுலபமாக ஓடும்.